பொறுமை என்பது புண்ணை மூடி வைப்பதா?

நோய் வந்தால், "அல்லாஹ் கொடுத்தது" என்று மனம் அமைதி கொள்வது ஈமானின் அழகு. ஆனால் அந்தச் சொல்லையே திரையாக்கி, வைத்தியம் பார்க்கும் பொறுப்பை அதன் பின்னால் மறைத்துக் கொள்ளலாமா? இதனை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பழனியை அடுத்த தொப்பம்பட்டி போன்ற ஊர்களில் தோட்ட வேலை செய்து பிழைக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்தது. சரியாகக் கழுவாமலே கட்டுப் போட்டார்கள். முறிவு கூடியது, புண் ஆறவில்லை. சீழ் வடியும், நிற்கும், மீண்டும் வடியும். ஆண்டுகள் செல்கின்றன. ஒளு நிற்குமோ என்ற ஐயத்தில் தொழுகையும் தளர்கிறது. கேட்டால், "ஸப்ர் செய்கிறேன்" என்கிறார்.

கிருமி புகுந்த எலும்பின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்துவிடுகிறது. மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. செத்த எலும்பை அது எட்டாது. ஆகவே மாத்திரை சாப்பிடும்வரை சீழ் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். செத்த எலும்பை அறுவைச் சிகிச்சையால் நீக்கி, இன்ன கிருமி என்று சோதித்து, அதற்குரிய மருந்தைப் பல வாரங்கள் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு நாலு மாத்திரை விழுங்குவது கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே இதை எச்சரித்தார். சிறுவர்களுக்கோ காயமின்றியும் இந்நோய் வரும். காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயின் நாட்டின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, கெட்டுப்போன எலும்பை நீக்கும் முறையைக் கருவிகளின் படங்களோடு எழுதி வைத்தார். அவரும் தவக்குல் உள்ள முஸ்லிம்தான்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பும்படி போதித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் எனத் தோழர்கள் கூற, அவர் குளித்து இறந்த செய்தி அபூதாவூதில் வருகிறது. அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதவர் கேட்டறிய வேண்டும் என்றார்கள். ஓயாது சீழ் வடிபவர் ஹனஃபி மத்ஹபில் மஃதூர். ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஒளு, கட்டின்மீது மஸஹு. விவரத்தை ஆலிமிடம் கேட்டறிக. தொழுகையை விட வேண்டியதில்லை. வைத்தியத்தையும் விட வேண்டியதில்லை.

அப்படியானால் குற்றம் அவருடையது மட்டும்தானா? திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் இராசாசி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அவர் படுத்திருக்கும் வாரங்களில் வீட்டில் உலை எரிய வேண்டுமே! கூலி நின்றால் குடும்பம் நிற்கும் என்ற அச்சத்திற்கு அவர் வைத்த பெயர்தான் ஸப்ர். அதை நாம் புகழ்வது நமக்குச் செலவில்லாத காரியம்.

தகுதியுள்ள அந்த வீட்டுக்கு ஜக்காத்திலிருந்து அரிசியும், பஸ் செலவும், உடன் செல்ல ஓர் ஆளும் ஜமாஅத் தரட்டும். பிறகு அறுவையின் வலியையும் நீண்ட மருந்தையும் அவர் தாங்குவாரே, அதுவே ஸப்ர்.

நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு அவர்களைத் தேடிச் செல்லும் மனத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.