யாருக்கு இந்த வணக்கம்?

ஜப்பானைச் சுற்றிப் பார்க்கச் செல்வோரை ஒரு சின்னஞ்சிறு கொடி அழைத்துச் செல்கிறது. வழிகாட்டியின் கையில் உயர்ந்திருக்கும் அக்கொடி நடந்தால் நாற்பது பேர் நடப்பர்; அது நின்றால் நிற்பர்; அது காட்டும் திக்கில் கண்களைத் திருப்புவர். டோக்கியோவில் தொடங்கி, மலைநாட்டுச் சிற்றூர்களைத் தொட்டு, கியோட்டோவின் கோயில்களில் முடியும் பயணம். எத்தனை நாள், எத்தனை கோயில், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். கொடியின் பின்னே நடப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் எந்தக் கொடியின் பின்னே நடந்தாலும், எங்கே, எதற்கு என்று கேட்டுக்கொண்டே நடப்பவர்கள் நாம்!

கோயில் வாயிலில் வழிகாட்டி ஒரு பாடம் நடத்துவார். மர அகப்பையால் நீர் மொண்டு கை கழுவுக, இருமுறை குனிக, இருமுறை கை தட்டுக, மீண்டும் ஒருமுறை குனிக. நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே செய்வர். அந்த நாற்பதின்மருள் பகுத்தறிவாளன் ஒருவன் இருந்தால் என் செய்வது?

"ஊரோடு ஒத்துப் போ! இரண்டு முறை கை தட்டினால் உன் கொள்கையா கொட்டிப் போய்விடும்?" என்று கேட்பார் ஒரு நண்பர். "மரத்துக்கும் கல்லுக்கும் கும்பிடா? இதைப் பார்க்கவா இத்தனைக் கல் தொலைவு வந்தோம்? வா வெளியே!" என்பார் இன்னொருவர். இருவருமே அவசரக்காரர்கள் என்பது நமது கருத்து. முன்னவர் வணக்கத்தின் விலையை அறியாதவர். பின்னவர் அந்த மரத்தை இழைத்த கையை எண்ணிப் பாராதவர்.

டோக்கியோவின் மெய்ஜி கோயிலையே எடுத்துக்கொள்வோம். நகரின் இரைச்சலுக்கு நடுவே அடர்ந்த காடு. பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை அங்கே குடியிருப்பதாகவே காண்போர் எண்ணுவர். உண்மை என்ன? 1912இல் மறைந்த மெய்ஜி மன்னருக்காக 1920இல் எழுப்பப்பட்ட கோயில் அது. காடும் கைகளால் ஆக்கப்பட்டதே! நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள் வந்தன, இளைஞர்கள் நட்டனர், நட்டவர் மறைந்த பின்னும் தானே தழைத்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு காட்டியல் அறிஞர்கள் திட்டமிட்டனர். நூறாண்டு கடந்தும் அத்திட்டம் பொய்க்கவில்லை. அந்த அறிஞர்களையும் இளைஞர்களையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நமக்குத் தெரிந்தவரை, அவர்கள் பெயரால் எவரும் அங்கே கை தட்டுவதில்லை.

அம்மன்னர் காலத்தில்தான், 1890இல், கல்வி குறித்த அரசாணை ஒன்று பிறந்தது. அரசரிடம் அசையாப் பற்றும், பெற்றோரைப் பேணும் பண்புமே கல்வியின் வேர் என்றது அது. அதன் படிகள் பள்ளிதோறும் அனுப்பப்பட்டன. விழா நாளில் அதைப் படிப்பர். பிள்ளைகள் தலை குனிந்து நிற்பர். 1891 ஜனவரியில், டோக்கியோவின் முதல் உயர்நிலைக் கல்விக்கூடத்தில், அரசரின் கையொப்பமிட்ட படிக்கு முன்னே ஒவ்வொருவராகச் சென்று வணங்கும் சடங்கு நடந்தது. உச்சிமுரா கான்சோ என்ற ஆசிரியரின் முறை வந்தது. அவர் கிறித்தவர், தம் கடவுளுக்கன்றி வேறெதற்கும் முழு வணக்கம் செலுத்த மனம் ஒப்பாதவர். தலையைச் சற்றே அசைத்தார், ஆழக் குனியவில்லை. அவ்வளவுதான்! நாடே கொதித்தது, ஏடுகள் தூற்றின, வேலை போயிற்று. குனிவில் சில அங்குலம் குறைந்ததற்கு ஓர் ஆசிரியனின் பிழைப்பு!

கரும்பலகையின் முன் நிற்கும் நமக்கு இந்தச் செய்தி கதையாகப் படவில்லை. அந்நாட்டுப் பள்ளிகளில் அரசரின் படத்தைப் பாதுகாக்கத் தனிச் சிறு மண்டபங்கள் எழுந்தன. தீப்பற்றிய பள்ளிக்குள் படத்தை மீட்க நுழைந்து உயிரைவிட்ட தலைமையாசிரியர்களும் உண்டு. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிள்ளைகளைக் காக்க அன்று, ஒரு படத்தைக் காக்க! பின்னர் ஆதிக்கம் கடல் கடந்தபோது வணக்கமும் கடல் கடந்தது. கொரியாவில் ஜப்பானியக் கோயில்களுக்குச் சென்று குனிய மறுத்தோர் சிறைப்பட்டனர். சூ கி-சோல் என்ற பாதிரியார் 1944இல் சிறையிலேயே மாண்டார். 1945 டிசம்பரில், வென்று அமர்ந்த அயல்நாட்டுப் படையின் ஆணை அரசையும் அச்சமயத்தையும் பிரித்தது. 1946 புத்தாண்டு நாளில், அரசர் தெய்வம் என்ற எண்ணம் பொய்யானது என்று அரசரே அறிக்கை விடுத்தார். ஆண்டவனே, தான் ஆண்டவன் அல்லன் என்று எழுதிக் கொடுத்த விந்தை! ஆனால் அந்தத் தாளுக்கு முன்பே எத்தனை லட்சம் இளைஞர்கள் அவர் பெயரால் மடிந்தனர், எத்தனை லட்சம் பேரை மடித்தனர்!

ஆகவே, "குனிந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கும் நண்பருக்கு நமது விடை இது: உமக்கு ஒன்றும் குறையாது. விடுமுறைக்கு வந்தவருக்குக் குனிவது வேடிக்கை. ஆனால் அதே குனிவு, மறுத்தவனின் சோற்றைப் பறித்த காலம் ஒன்று இருந்தது. அதை அறிந்தவன் அங்கே விளையாட்டாகக் குனியமாட்டான். கேலி பேசவும் மாட்டான். வழிபடுவோருக்கு வழிவிட்டு, ஓரமாக அமைதியுடன் நிற்பான். மரியாதைக்கு அது போதும்.

கொடி இனி மலைநாட்டுக்குப் போகிறது. தக்கயாமா நகரம், அதற்கப்பால் ஷிரகாவா-கோ என்னும் சிற்றூர். 1995இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. புல் வேய்ந்த பெருங்கூரைகள், கூப்பிய கைகளைப்போல் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 'கூப்பிய கைக் கட்டடம்' என்றே அவற்றுக்குப் பெயர். கேட்டதும் பக்தி பெருகும் பெயர்! ஆனால் கூரை அப்படி நிமிர்ந்தது எவரையும் தொழுவதற்கன்று. ஆளுயரத்துக்கு மேல் கொட்டும் பனி சரிந்து விழவேண்டும் என்பதற்காக. கூரைக்கடியில் அடுக்கடுக்காகத் தளங்கள். அவற்றில் பட்டுப்புழு வளர்த்தனர். வீட்டுத் தரைக்கடியில் மண்ணையும் தழையையும் புழுக்களின் எச்சத்தையும் புளிக்கவைத்து, வெடிமருந்துக்கான உப்பெடுத்தனர். மேலே பட்டு, கீழே வெடியுப்பு, இடையில் மனிதர்!

அம்மனிதரின் வாழ்வு எப்படி? விளைநிலமோ குறைவு, பங்கு பிரித்தால் எவருக்கும் மிஞ்சாது. அப்பகுதியின் சில ஊர்களில் மூத்த மகன் ஒருவனுக்கே முறையான திருமணம். இளையவர்கள் பிறந்த வீட்டிலேயே உழைத்துக் கிடக்க வேண்டும். இரவில் தம் துணையைச் சென்று கண்டு திரும்ப வேண்டும். பிறக்கும் குழந்தை தாய்வீட்டின் உழைப்பாளிகளுள் ஒன்றாகும். ஒரே கூரையின்கீழ் இருபது, முப்பது பேர் வாழ்ந்தனர் என்பதைக் கூட்டுக் குடும்பத்தின் குளிர்நிழல் என்று வியப்போர் உளர். நிழலில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் அல்லவா தெரியும்!

அதே ஹிடா மலைநாட்டின் ஏழைச் சிறுமியர், பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே முன்பணத்துக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டு, மலைக்கப்பால் ஒகாயா, சுவா வட்டாரத்துப் பட்டு ஆலைகளுக்குச் சென்றனர். வழியில் 1,672 மீட்டர் உயரத்தில் நொமுகி கணவாய். ஆண்டிறுதியில் பனியில் வழுக்கி வழுக்கி அதைக் கடந்து வீடு திரும்புவர். கொதிநீரில் மிதக்கும் கூட்டிலிருந்து இழை பிரித்த விரல்கள் அவை. அந்த இழைதான் நெடுங்காலம் ஜப்பானின் தலையாய ஏற்றுமதி. அதன் வருவாய் எந்திரமாயிற்று, போர்க்கப்பலும் ஆயிற்று. 1909இல் நோயுற்ற தங்கையை அண்ணன் ஒருவன் முதுகில் சுமந்து அக்கணவாய்வரை வந்தான். ஹிடா மலைகள் கண்ணில்படும் அந்த உச்சியிலேயே அவள் உயிர் பிரிந்தது. தங்கையைச் சுமந்த அண்ணனின் சிலை இன்று கணவாயில் நிற்கிறது. சுற்றுலாக் கொடி பெரும்பாலும் அவ்வழி ஏறுவதில்லை. நேரம் இல்லை!

"விருந்துக்குப் போன வீட்டில் உத்தரத்து ஒட்டடையைச் சுட்டிக் காட்டுவதா பண்பாடு? நம் முதுகின் அழுக்கு போதாதா?" என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நம் முதுகைப் பற்றி நாம் வாரந்தோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இங்கு ஒட்டடையைக் காட்டுவது நாம் அல்லோம். குனிய மறுத்தவர் ஜப்பானியர். கணவாயில் சிலை வைத்தோர் ஜப்பானியர். அச்சிறுமியர் முதுமையுற்றபோது தேடிச்சென்று அவர்தம் நினைவுகளைக் கேட்டு 1968இல் நூலாக்கிய யாமமோட்டோ ஷிகெமியும் ஜப்பானியரே. அவர்களை விட்டுவிட்டு, விளம்பரத் தாளில் சிரிப்பதுதான் ஜப்பான் என்று திரும்பி வருவதே அந்நாட்டை அவமதிப்பதாகும்.

இனிக் கியோட்டோ. ரியோவான்ஜி கோயிலின் கல்தோட்டத்தைக் காணாமல் எவரும் திரும்புவதில்லை. வாரிவிட்ட வெண்சரளை; அதில் பதினைந்து கற்கள்; மரமில்லை, மலரில்லை, நீரில்லை. தாழ்வாரத்தில் எங்கே அமர்ந்து எண்ணினாலும் ஒரு கல்லேனும் மறைந்துவிடும் என்பார் வழிகாட்டி. எல்லோரும் விரல்விட்டு எண்ணுவர். மெய்ஞ்ஞானம், வெறுமை, துறவு என்று விளக்கங்கள் குவியும். மதிலோரக் கல் ஒன்றின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று கொதாரோ, மற்றது தேய்ந்துபோய், செய்ஜிரோ என்றும் ஹிகோஜிரோ என்றும் இருவிதமாகப் படிக்கப்படுகிறது. தோட்டத்தை வகுத்தவர் யாரென இன்றும் முடிவாகவில்லை. எனினும் கல்லில் பெயர் பொறித்த அவ்விருவரும் ஆற்றங்கரை மக்கள் எனப்பட்ட கூட்டத்தவராக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

யார் அந்த ஆற்றங்கரை மக்கள்? வரிவிதிப்பில்லாத வெள்ளப்பெருக்கு நிலத்தில் ஒதுங்கி வாழ்ந்தோர், செத்த மாட்டை அகற்றியோர், தோல் பதனிட்டோர், கிணறு தோண்டியோர், தீட்டுக்காரர் எனத் தள்ளப்பட்டோர். மண்ணையும் கல்லையும் அறிந்த அக்கைகளே தோட்டக் கலையில் தலைசிறந்து விளங்கின. 15ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமசா, சென்அமி என்ற இக்கூட்டத்துக் கலைஞரைப் பெரிதும் போற்றினார். அவர் நோயுற்றபோது மருந்தனுப்பினார். அத்தகையவரின் பேரன் மதாஷிரோவும் சிறந்த தோட்டக் கலைஞனே. அவன் ஒரு துறவியிடம், கொலைத்தொழில் குடியில் பிறந்ததை எண்ணி நெஞ்சுருகுவதாகவும், அதனால் எவ்வுயிரையும் கொல்வதில்லை என உறுதி பூண்டதாகவும் கூறினான். அத்துறவிகளின் நாட்குறிப்பு அதைக் காத்து வைத்திருக்கிறது. பாட்டனுக்கு ஷோகன் மருந்தனுப்பலாம். பிறப்பென்னும் நோய்க்கு அவரிடமும் மருந்தில்லை!

கோயில் திருவிழாவில் முரசு அதிர்கிறதே, அந்த முரசின் தோல் யார் பதனிட்டது? அதே மக்கள். ஒசாக்காவின் நானிவா வட்டாரம் முரசுக்குப் பெயர்பெற்றது அவர்களால்தான். முரசின் ஒலி தெய்வத்தின் செவிக்கு இனிது. செய்தவனின் நிழல் தீட்டு! இதைப் படிக்கும் நம் இளைஞர்க்கு விரிவுரை வேண்டா. செத்த பின்னாவது விட்டார்களா? இறந்தோர்க்குப் புத்தத் துறவிகள் சூட்டும் சமயப் பெயர்களில், இம்மக்களுக்கு மட்டும் 'விலங்கு', 'தோல்' எனப் பொருள்படும் எழுத்துகளை நுழைத்துக் கல்லறையிலும் சாதியைச் செதுக்கினர். 1980களில்தான் சில சமயப் பிரிவுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அக்கற்களைத் திருத்தத் தொடங்கின.

'ஐயோ, அத்தனையும் மூடத்தனத்தின் சின்னம்' என்று அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேறும் நண்பரை இங்கேதான் நாம் கைபிடித்து நிறுத்துகிறோம். கொதாரோ கல்லைப் புரட்டிய கோலத்தை நின்று பாரும், ஐயா! தெய்வத்துக்குத் தரவேண்டாம் என்று நாம் பிடித்து வைத்திருக்கும் வணக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அது இவனுக்கு உரியது.

பயணத்தின் இறுதி நாளில் பெரும்பாலும் ஹெய்யான் கோயில். செந்நிறத் தூண்கள், அகன்ற முற்றம், இருபத்து நான்கு மீட்டர் உயர வாயில். பழம்பெருமை பேசும் அக்கோயில் கட்டப்பட்டது 1895இல். கோயிலைச் சூழ்ந்த ஓகசாக்கிப் பகுதியில் அந்நாளில் ஒரு பொதுமன்றம் இருந்தது. 1871இல் அரசாணை ஒன்று இம்மக்களின் இழிபெயர்களை ஒழித்தது. பெயர் போயிற்று, இழிவு போகவில்லை. இவர்களுக்கு விடுதலையா என்று கொதித்து 1873இல் குடிசைகளைக் கொளுத்தினர் அண்டை ஊரார். ஐம்பதாண்டு பொறுத்தனர். 1922 மார்ச் 3ஆம் நாள், அப்பொதுமன்றத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு, சுய்ஹெய்ஷா என்ற தங்கள் இயக்கத்தை நிறுவினர். சமநிலைச் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பிறர் இரக்கத்தால் அன்று, எம் கையாலேயே எம் விடுதலை என்று முழங்கினர். முள்முடி பொறித்த கொடியைத் தம் சின்னமாகக் கொண்டனர். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறி, வகுப்பறையில் ஆசிரியர்கள் தன்னை இழிவுபடுத்தியதை எடுத்துரைத்தான், மன்றமே அழுதது. வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நாம் அச்சிறுவனின் பேச்சைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம்.

அதற்குப் பின்னும், அம்மக்களின் ஊர்ப்பெயர்ப் பட்டியலை அச்சிட்டு நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்ற செய்தி 1975இல் அம்பலமாயிற்று. வேலைக்கு வருவோரின் பிறப்பைத் துருவவாம்! பாகுபாடு இன்றும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதைக் களைய ஒரு சட்டம் 2016இல் இயற்றப்பட்டது.

1922ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்த இடத்தில் நினைவுக்கல் ஒன்று உள்ளது. அங்கே கை கழுவும் தொட்டி இல்லை. எத்தனை முறை குனிவது, எத்தனை முறை கை தட்டுவது என்று சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. ஹெய்யான் கோயில் வாயிலிலிருந்து நடந்தே போகலாம்.