பிரித்து வைக்கப்பட்ட ஜனம்

ஒரு ஜனத்தார் தம்மை மற்றெல்லா ஜனங்களினின்றும் வேறானவர் என்று கருதி வாழ்வது குணமா, குற்றமா? சீர்திருத்தம் விரும்பும் நாம் இதற்குக் ‘குற்றமே’ என்று விடையிறுக்கத் துடிப்போம். அவ்வாறு தீர்ப்புக் கூறுவதற்கு முன்னர், யூதருடைய வேதமாகிய லேவியராகமத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

அந்நூலின் 17 முதல் 26 வரையுள்ள அதிகாரங்களுக்கு, குளோஸ்டர்மன் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் 1877-ல் ‘பரிசுத்தச் சட்டம்’ என்று பெயரிட்டார். பரிசுத்தம் என்று நாம் வழங்கும் இடத்தில் எபிரேய மொழியில் நிற்கும் சொல் ‘காதோஷ்’ என்பது. அழுக்கின்மை என்பதைக் காட்டிலும், வேறாகப் பிரித்து வைக்கப்பட்டிருத்தல் என்பதே அதன் உட்கருத்தாம். நீங்கள் குடியிருந்த எகிப்தியர் செய்ததையும் செய்யாதீர்கள், நீங்கள் போய்ச் சேரும் கானானியர் செய்வதையும் செய்யாதீர்கள் என்பது அச்சட்டத்தின் கட்டளை.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? 19-ம் அதிகாரத்தைப் படிக்கும் புதியவர் முதலில் நகைப்பார். ஒரே வயலில் இருவகை விதை விதைக்கலாகாது. இருவகை நூல் கலந்த துணி உடுத்தலாகாது. முந்திய அதிகாரமொன்றில் பன்றியும் வௌவாலும் விலக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் சுகாதார விதிகள் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. மேரி டக்ளஸ் என்னும் பிரிட்டிஷ் மானிடவியல் அறிஞர் 1966-ல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்து, எந்த வகுப்பிலும் முழுமையாக அடங்காத பொருள்களையே அச்சட்டம் ஒதுக்கிற்று என்று விளக்கினார். அவர் கூற்று எவ்வாறாயினும் ஆகுக. நாம் நிற்க வேண்டிய இடம் அதுவன்று.

அதே அதிகாரத்தில், அதே மூச்சில், வேறு விதிகளும் வருகின்றன. வயலை அறுக்கும்போது ஓரத்தை அறுக்காது, உதிர்ந்த கதிரையும் பொறுக்காது, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும். (அவ்வோரம் விளைச்சலில் 60-ல் ஒரு பங்கிற்குக் குறையலாகாது என்று பிற்காலத்து மிஷ்னா கணக்கே போட்டு வைத்திருக்கிறது.) செவிடனைத் திட்டலாகாது, குருடன் வழியில் தடுக்கல் இடலாகாது, தராசும் படிக்கல்லும் சரியாயிருத்தல் வேண்டும். கூலியாளின் கூலி விடியுமட்டும் எஜமானிடத்தில் தங்கலாகாது. தோட்டத்துச் செக்ரோல் எழுதிப் பழகிய கை இவ்விடத்தில் தானே நின்றுவிடுகிறது! மாதத்திற்கொரு சம்பள நாளும், அதிலும் பிடித்தம் போக மிச்சமும் என்றிருந்த வழக்கத்தை நம்மவர் மறந்திரார்.

அயல்நாட்டிலிருந்து வந்து தங்கியவனைப் பற்றிய விதியோ இன்னும் பெரிது. அவனைச் சுதேசியைப் போலவே நடத்துக, உன்னைப் போலவே அவனையும் நேசி என்கிறது. அதற்குக் காட்டும் காரணம் வம்சப் பெருமையன்று. நீங்களும் எகிப்தில் பரதேசிகளாயிருந்தீர்களே என்பதுதான். கப்பலேறி வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதற்கு உரை எழுத வேண்டுவதில்லை.

தீட்டென்று இதிலும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் செத்த பிராணியைத் தொட்டவன் மாலை வரையிலுமே தீட்டுள்ளவன், நீராடினால் தீர்ந்தது. ஆரோன் வம்சத்துக் குருவுக்கும் தீட்டு வந்தால் அதே நீர், அதே மாலைப்பொழுது. பிறப்பினாலேயே தீட்டுடையவன், சாகுமட்டும் தீட்டுடையவன் என்று ஒரு கூட்டத்தாரை அச்சட்டம் குறிக்கவில்லை. நம் நாட்டார் கண்டுபிடித்த வித்தை அது!

இதனால் அச்சட்டத்தில் பழுதே இல்லையென்று வாதிப்போமல்லோம். பெண் மகவு பெற்றவளுக்கு ஆண் மகவு பெற்றவளைவிட இருமடங்கு நாள் விலக்கு. அங்கவீனமுள்ள குரு பலிபீடத்தை அணுகக் கூடாது. இஸ்ரவேலனை அடிமையாக ஆளாதே என்னும் 25-ம் அதிகாரமே, புறஜாதியாரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துப்போகலாம் என்கிறது. பரதேசியை நேசி என்ற வாயா இது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நிற்க. பாபிலோனியச் சிறையிருப்பினின்றும் திரும்பியவர்களிடையே இப்பிரிவினை வேறொரு வடிவம் கொண்டது. பாரசீகர் ஆட்சியில் எருசலேமுக்கு வந்த எஸ்றா என்னும் வேதபாரகர், ஜனங்களிற் பலர் அயற்பெண்களை மணந்திருப்பதை அறிந்து ஆடையைக் கிழித்துக்கொண்டார். ‘பரிசுத்த வித்து’ கலந்துவிட்டது என்பது முறையீடு. கவனியுங்கள்: முன்னே பரிசுத்தம் தராசில் இருந்தது, வயலோரத்தில் இருந்தது, கூலி கொடுக்கும் வேளையில் இருந்தது, இப்போது இரத்தத்திற்குள் போய்விட்டது. செய்து காட்ட வேண்டியதாயிருந்த ஒன்று, பிறந்தாலே போதும் என்னும்படி ஆயிற்று.

அவர்களுடைய அச்சம் பொய்யச்சமன்று. கி. மு. 722-ஐ ஒட்டி அசீரியரால் பெயர்த்தெடுக்கப்பட்ட வடநாட்டுக் கோத்திரத்தார் மற்ற ஜனங்களோடு கரைந்து, தனி ஜனமென்ற பெயரே இழந்தனர். அரசனும் படையுமற்ற சிறுகூட்டம் வேலியில்லாமல் எப்படி நிலைக்கும்? இவ்வினாவை நாம் எளிதிற் புறந்தள்ளுவதற்கில்லை. வேலி வேண்டும் என்பதையும் ஒப்புவோம். ஆயின் லேவியராகமத்து வயலுக்கு ஓர் ஓரம் இருந்தது. அதில் அயலான் நுழையலாம். எஸ்றாவின் வேலியில் அவ்வோரத்தைக் காணோம்.

அவ்வோரத்தில் கதிர் பொறுக்க வந்தவள்தான் மோவாபியப் பெண்ணாகிய ரூத். வயலுக்குடைய போவாஸ் அவளை மணந்தான். தாவீது அரசனுக்கு அவள் பாட்டனைப் பெற்றவள். எஸ்றாவின் செய்கைக்கு மறுமொழியாகவே ரூத்தின் சரிதம் எழுதப்பட்டதென்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

எஸ்றா கூட்டிய சபையோ அடைமழையில் கூடிற்று. விஷயத்தின் கடுமையாலும் மழையாலும் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருந்தார்கள். அயல் மனைவியரை அவர்தம் பிள்ளைகளோடு அனுப்பிவிடுவதென்று தீர்மானமாயிற்று. அப்பெண்களை மணந்திருந்த ஆடவரின் பெயர்ப் பட்டியலும் அந்நூலின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள், குடும்பவாரியாக, ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.