காணா உயிர்க்கு இழைக்கும் தீங்கு

கண்ணால் காணாத உயிருக்கு, கருதிச் செய்யாத செயலால் விளையும் துன்பம் இம்சை ஆகுமா என்பது இந்திய அறவியலில் பழைய வினா. துருவப் பனி உருகிவருவதால் திமிங்கலம், சீல் முதலிய கடற்பாலூட்டிகள், அதாவது கடலில் வாழ்ந்தும் நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் உயிர்கள், உணவையும் உறைவிடத்தையும் இழந்துவரும் இக்காலத்தில் அவ்வினா புதிய கனத்தோடு எழுகிறது. கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்கள் அதை ஆராயப் பொருத்தமான இடம். களியக்காவிளைக்குக் கிழக்கே சிதறால் மலையில் சமணம் விட்டுச்சென்ற அகிம்சைச் சிந்தனையும், நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவியதோடு தழைத்த அருள்நெறியும் இவ்வூர்களுக்கு அண்டையிலேயே இருக்கின்றன.

தென்துருவக் கடலில், பனிப்பரப்பின் அடியில் வளரும் பாசியை மேய்ந்தே கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. அந்தக் கிரிலை உண்டுதான் தென்கடல் திமிங்கலங்கள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. வடதுருவத்தில் வளையச் சீல், கடற்பனியின்மேல் படிந்த வெண்பனியைக் குடைந்த பொந்தில் குட்டி ஈனுகிறது. பருவத்துக்கு முன்பே பொந்து இடிந்தால் குட்டி குளிரில் மடியும், அல்லது பனிக்கரடிக்கு இரையாகும். 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய பின் கண்ட மிகக் குறைந்த பரப்பு அதுவே. பனி விலகிய நீரில் கப்பல்கள் புகுகின்றன. அவற்றின் தாழ்ந்த இரைச்சல், தொலைதூரம் பேசிக்கொள்ளும் திமிங்கலங்களின் குரலை அமிழ்த்துகிறது.

துன்பம் துருவத்தோடு நின்றுவிடவும் இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞத்தின் கடலில் 2021இல் ஆய்வாளர்கள் நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளில் நீலத்திமிங்கலத்தின் குரல் பதிவாயிற்று. 2017இன் இறுதியில் ஓமான் கரையருகே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ‘லுபான்’ என்ற பெண் கூன்முதுகுத் திமிங்கலம், அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து, இக்கரையின் பூவாறு, பொழியூர்க் கடலுக்கு அப்பால் தெற்கு நோக்கிச் சென்று மன்னார் வளைகுடாவை எட்டித் திரும்பியது. அரபிக்கடலிலேயே வாழும் அதன் கூட்டம் துருவத்துக்குப் போவதில்லை. ஆகவே பனி உருகுவது அதை நேரடியாகத் தாக்குவதில்லை எனினும், பனியை உருக்கும் அதே வெப்பம் அரபிக்கடலையும் சூடாக்குகிறது, வலைகளும் கப்பல்களும் அதற்கு மேல் சேர்கின்றன. ஓமான் கரையில் அக்கூட்டத்தில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியிருப்பதாகக் கணித்துள்ளனர். விழிஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட 2025 மே மாதத்திலேயே, அங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக்கப்பல் மூழ்கி, அதன் பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின.

இவற்றில் எதையும் எவரும் திமிங்கலத்தைக் கொல்ல எண்ணிச் செய்யவில்லை. எண்ணமே வினை என்று கொள்ளும் பௌத்தத்தின் அளவுகோலால் பார்த்தால், பாறசாலைச் சாலையில் பெட்ரோல் எரித்துச் செல்பவர்மீது பெரும் பழி சாராது. சமணரான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமோ, கவனமற்ற செயலால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என வரையறுக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில் சிதறால் மலைக்குப் பொன்னணி அளித்த குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண்துறவியின் பெயரைக் கல்வெட்டு காத்துவைத்திருக்கிறது. அவர் சார்ந்த சமயத்தின் துறவியர், மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகுவதால் நடைப்பயணத்தையே நிறுத்தி ஓரிடத்தில் தங்குவர். மிதிக்க எண்ணாமை போதாது, மிதிபடக்கூடும் என்று அறிந்தபின் நடப்பதே குற்றம் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. கரியமில வாயு கடலைச் சூடாக்கிப் பனியை உருக்குகிறது என்பது தெளிவாகிவிட்ட இன்று, இந்த அளவுகோலே பொருந்தும். அறியாதபோது விபத்தாக இருந்தது, அறிந்தபின் கவனமின்மையாகிவிடுகிறது.

ஆனால் சமணம் கேட்கும் கவனம் காலடியை நோக்கியது. காலடிக்கு எட்டாத உயிரிடம் மனம் எப்படிக் கசியும்? இங்கே நாராயண குருவின் துணை வேண்டியிருக்கிறது. எறும்புக்கும் தீங்கு நேராத கருணையை வேண்டித் தொடங்கி, தமிழ்ச் சைவ அடியார்களையும் நினைவுகூரும் ‘அனுகம்பா தசகம்’, அருளை ஓர் உணர்ச்சியாக அன்றி உயிரின் இயல்பாகவே காண்கிறது. அறிவு ஒன்றே எல்லா உடல்களிலும் விளங்குகிறது என்ற அவருடைய அத்வைதத்தில் அண்மை, சேய்மை என்ற வேறுபாடு நிற்காது.

எனினும் பொறுப்பை எல்லோர்மேலும் ஒரே அளவில் சுமத்துவது அநீதி. இல்லறத்தார்க்குச் சமணம் துறவியர்க்குரிய மகாவிரதத்தை விதிக்காமல் அணுவிரதத்தையே, அதாவது ஆற்றலுக்கேற்ற சிறு நோன்பையே வகுத்தது. வேண்டுமென்றே செய்யும் கொலையை முற்றாக விலக்கி, பிழைப்புத் தொழிலில் நேரும் இம்சையை இயன்றவரை குறைக்கச் சொன்னது. பொழியூரில் சிறு வள்ளம் இறக்கும் மீனவர் எரிக்கும் எண்ணெயும், கண்டம் கடக்கும் கப்பல் நிறுவனம் எரிப்பதும் ஒரே தட்டில் நிற்கக்கூடியவை அல்ல. உருகிய நிலப்பனி உயர்த்தும் கடல் முதலில் அரிக்கப்போவதும் அந்த மீனவரின் கரையைத்தான். வலையில் சிக்கிய ஓங்கலை (டால்பினை) விடுவிக்க அவர் வலையை அறுத்தால், அந்தக் கருணையின் செலவு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. மகாராஷ்டிர அரசு 2018இல், காக்கப்பட்ட கடலுயிர்களை விடுவிக்க அறுத்த வலைக்கு ரூ.25,000 வரை ஈடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அச்செலவில் ஒரு பங்கைக் கரையில் இருப்போரும் ஏற்கும் முறை அது.