அளக்கக் கொடுத்த கை

தன்னம்பிக்கையும் தலைக்கனமும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே ஆள் மாதிரித்தான் தெரியும். இரண்டும் நிமிர்ந்து நடக்கும், இரண்டும் "என்னால் முடியும்" என்று சொல்லும். "முடியுமென்றால் காட்டு பார்ப்போம்" என்று ஒருவர் கேட்கும்போதுதான் வித்தியாசம் வெளிப்படுகிறது. தலைக்கனத்துக்கு அந்தக் கேள்வியே அவமானம். தன்னம்பிக்கைக்கும் கோபம் வரலாம், ஆனால் காட்டிவிடும். கண்டியில் பிறந்தவர்களில் இதற்குக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனை விட நல்ல உதாரணம் கிடையாது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. 14 வயதுப் பையன் கேட்டுக்கொண்டான். அந்த வயதில் சொல்பேச்சுக் கேட்பது பெரிய விஷயமில்லை. புகழ் வந்த பிறகு கேட்பதுதான் கடினம்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு தடவை 'நோ போல்' கொடுத்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கிருந்து முரளி தொடர்ந்து வீசினார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருடையது. மடங்கிய கை சுழலும்போது எறிவது போலத் தோன்றும். இதை அவர் வாயால் வாதாடி நிறுவப் பார்க்கவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போய்க் கையை அளக்கக் கொடுத்தார், ஒரு தடவையல்ல, பல தடவை.

2004இல் அவருடைய, எதிர்ப்பக்கம் சுழலும் 'தூஸ்ரா' பந்து மேல் புகார் எழுந்தது. அளந்தார்கள், அன்றைய விதி சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதித்த 5 பாகை முழங்கை நிமிர்வை அது தாண்டியது. அளவுகோல் தனக்கு எதிராகப் பேசியபோதும் ஏற்றுக்கொண்டு, அந்தப் பந்தைக் கொஞ்சக் காலம் ஒதுக்கி வைத்தார். அதே ஆண்டு, முழங்கையை மடக்கவோ நீட்டவோ விடாத எஃகுத் தண்டுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் ஓஃப் ஸ்பின், டொப் ஸ்பின், தூஸ்ரா மூன்றையும் வீசிக் காட்டினார். அநேகமாக எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்கிறது என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. அதன் பிறகும் குறை சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை யார் தடுக்க முடியும்?

இதே 2004இல்தான் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவர்ட் அவரை 'எறிபவர்' என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்த ஆண்டின் அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை. அதைத் தலைக்கனம் என்றவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கருவிக்குக் கை கொடுப்பது வேறு, கேலிக்கு முதுகு கொடுப்பது வேறு. பணிவு என்ற பெயரில் எல்லா ஏச்சையும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

2007 டிசம்பரில், சொந்த ஊர் அஸ்கிரிய மைதானத்தில், போல் கொலிங்வூட்டின் ஸ்டம்பைச் சாய்த்து ஷேன் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட் சாதனையைக் கடந்தார். ஆனால் அவரை எடைபோட எனக்கு உதவுவது 2010 ஜூலை. இந்தியாவுடன் மூன்று டெஸ்ட் கொண்ட தொடர். கையில் 792 விக்கெட். மூன்றிலும் ஆடினால் 800 அநேகமாக வந்தே தீரும். அவரோ, காலியில் நடக்கும் முதல் டெஸ்ட்டோடு ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் வேண்டும், இருப்பது ஒரே போட்டி. அதிலும் இரண்டாம் நாளை மழை கொண்டுபோனது.

முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாவதில் இரண்டு. பிறகு கடைசி ஜோடி இஷாந்த் ஷர்மாவும் பிரக்யன் ஓஜாவும் அசையாமல் நின்றார்கள். ஒரே ஒரு விக்கெட்தான் பாக்கி. அதைச் சக பந்துவீச்சாளர் மாலிங்க எடுத்துவிட்டால் 799. சாதனை மட்டுமே குறி என்றால் இப்படி ஒரு பணயத்தை யாரும் வைக்க மாட்டார்கள். கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போனது.

ஜூலை 26 அன்று கொழும்பில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியபோது முரளி அணியில் இல்லை. 2011 உலகக் கிண்ணம் வரை ஒருநாள் போட்டிகளில் ஆடினார்.