அரைகுறைப் பொருளின் இருப்பு: பில்டர் பாங்கும் ஆக்கம் பற்றிய தத்துவமும்

ஒரு பொருள் ஆக்கப்பட்டுக்கொண்டிருக்கும் நிலையில் அது உள்ளதா இல்லதா என்னும் வினா இந்தியத் தருக்க மரபிலும் கிரேக்க மெய்யியலிலும் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. அதே வினா இன்று கணினி நிரலாக்கத்தில், தத்துவம் என்னும் பெயர் தாங்காமல், வெறும் வேலைச் சிக்கலாக எழுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது தரவையும் அத்தரவின்மேல் நிகழும் செயல்களையும் ஒருங்கே கட்டி ‘ஆப்ஜெக்ட்’ என்னும் அலகாக வைத்து நிரலை அமைக்கும் முறையாகும். ஓர் ஆப்ஜெக்டில் எவை எவை அமைய வேண்டும் என்று வரையறுப்பது ‘கிளாஸ்’; அவ்வரையறைப்படி ஒன்றை நினைவகத்தில் தோற்றுவிக்கும் சிறப்புச் செயல் ‘கன்ஸ்ட்ரக்டர்’. கன்ஸ்ட்ரக்டரை அழைத்த கணத்தில் முழுப்பொருள் கைக்கு வந்துவிடுவதால், இரண்டு மூன்று கூறுகளே உடைய சிறு பொருள்களில் மேற்சொன்ன வினாவுக்கு இடமே இல்லை.

கூறுகள் பெருகும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஜாவா என்னும் நிரல்மொழியைப் பற்றி ஜோஷுவா பிளாக் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலின் இரண்டாம் பதிப்பில் (2008) அவர் உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சிடப்படும் ஊட்டச்சத்து அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார்: பரிமாறும் அளவு போன்ற சில கூறுகள் கட்டாயமானவை, கொழுப்பு, சோடியம் முதலான பல விருப்பமானவை. எல்லாவற்றையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே தரவேண்டுமானால், எண்களின் நீண்ட வரிசையில் எது கொழுப்பு, எது சோடியம் என்று படிப்பவருக்கு விளங்காது. இரண்டு எண்கள் இடம் மாறினாலும் கணினி அதைப் பிழையென்று காணாது. மாறாக, வெறுமையான ஆப்ஜெக்டை முதலில் தோற்றுவித்துப் பிறகு ‘செட்டர்’ எனப்படும் செயல்களால் ஒவ்வொரு கூறாக நிரப்பினால் படிப்பது எளிதாகும். ஆனால் முதல் கூறுக்கும் கடைசிக் கூறுக்கும் இடையே அந்த அட்டை, அட்டை என்னும் பெயரோடும் உரிமையோடும், நிரலின் எந்தப் பகுதியும் எடுத்தாளக்கூடியதாக, பாதி வெறுமையாய் உலவுகிறது. மேலும், பின்னர் நிரப்ப வேண்டியிருப்பதனாலேயே அது என்றும் மாற்றத்துக்கு உட்பட்டதாகிறது. தோன்றியபின் மாறாத ஆப்ஜெக்டாக அதை வைத்திருக்க இயலாது.

பில்டர் என்னும் வடிவமைப்புப் பாங்கு, அதாவது அடிக்கடி எழும் ஒரு சிக்கலுக்குப் பலரும் கையாண்டு தேர்ந்த தீர்வுவடிவம், இவ்விடத்தில் ஒரு பிரிவினையைச் செய்கிறது. ஆக்கத்துக்கென்று தனியாக ஓர் ஆப்ஜெக்ட் அமைக்கப்படுகிறது. கூறுகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அதனிடமே சொல்லப்படுகின்றன. இறுதியில் ‘பில்ட்’ என்னும் செயல் அழைக்கப்படும்போதுதான் உண்மையான அட்டை, முழுமையாகவும் இனி மாறாததாகவும், ஒரே கணத்தில் தோன்றுகிறது. இது பிளாக் பரப்பிய வடிவம். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் உள்ள மூலவடிவத்தின் நோக்கம் சற்று வேறு: ஆக்கும் வரிசையை அறிந்த ‘டைரக்டர்’ ஒருபுறமும் அவ்வரிசையை நிறைவேற்றும் பில்டர் மறுபுறமும் நிற்க, ஒரே வரிசையிலிருந்து வெவ்வேறு விளைவுகள் பிறக்கின்றன. ஆவணத்தைப் படிக்கும் டைரக்டர் ‘எழுத்துரு மாறுகிறது’ என்று அறிவிக்கும்போது, வெற்று எழுத்துகளை மட்டும் ஆக்கும் பில்டர் அதைக் கேளாததுபோல் விட்டுவிடும். அச்சுக்கோப்பு வடிவில் ஆக்கும் பில்டரோ அதைப் பதிந்துகொள்ளும். இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான முடிவு ஒன்றே: ஆகும் நிலைக்கு உரிய இருப்பு வேறு, ஆன பொருளுக்கு உரிய இருப்பு வேறு.

இந்த முடிவின் அருமையை இந்தியத் தருக்கத்தின் நியாய வைசேடிக மரபு கூர்மையாக விளக்கவல்லது. அம்மரபினர் இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அறிவுக்குப் புலனாகும் உண்மை வகையாக, ஏற்று அதை நான்காகப் பகுத்தனர். அவற்றுள் ‘பிராகபாவம்’ எனப்படும் முன்னின்மை, ஒரு குடம் தோன்றுவதற்கு முன் அக்குடம் இல்லாமை ஆகும். அதற்குத் தொடக்கம் இல்லை, ஆனால் குடம் தோன்றும் கணத்தில் முடிவு உண்டு. செட்டர் முறையின் குறையை இந்த மொழியில் சொல்வதானால், முன்னின்மை முடிவதற்குள்ளாகவே அது முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. ஜாவா மொழியில் மதிப்புத் தரப்படாத எண்கூறு ஒன்று தானாகவே பூஜ்யமாக நிற்பதால், ‘சோடியம் இன்னும் சொல்லப்படவில்லை’ என்பதும் ‘சோடியம் அறவே இல்லை’ என்பதும் பார்வைக்கு ஒன்றாகிவிடுகின்றன. அளவு அறியப்படாத உணவு உப்பற்ற உணவாகப் படிக்கப்படும் என்றால், இன்மை வகைகளைப் பகுப்பது வெறும் சொற்போர் என்று தள்ளிவிட முடியாது. பில்டர், முன்னின்மையை அதன் இயல்பான எல்லை வரை காக்கிறது: ‘பில்ட்’ அழைக்கப்படும் வரை அட்டை இல்லை, இல்லாததை யாரும் தவறாகப் படிக்கவும் இயலாது.

அரிஸ்டாட்டில் இதே இடத்தை வேறு வழியில் அடைந்தார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் வீடு கட்டுதலே. ‘இயற்பியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், செங்கல்லும் மரமும் ‘கட்டப்படத்தக்கவை’ என்னும் அளவில் செயல்நிலை அடைவதே கட்டுதல் என்றும், வீடு முடிந்தபின் கட்டப்படத்தக்கது என்னும் நிலையே நீங்கிவிடுகிறது என்றும் அவர் விளக்குகிறார். ‘மெய்ப்பொருளியல்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், பார்க்கிறவர் அப்போதே பார்த்தவராகவும் ஆகிறார், ஆனால் கட்டுகிறவர் அப்போதே கட்டிமுடித்தவர் ஆவதில்லை என்று வேறுபடுத்தி, முடிவு தன்னுள் அடங்கிய செயலையும் முடிவைத் தனக்கு வெளியே கொண்ட இயக்கத்தையும் பிரிக்கிறார். பில்டரின் செயல்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு: அரிஸ்டாட்டிலின் வீட்டில் செங்கல் செங்கலாகவே தங்குகிறது, பில்டரிடம் தரப்பட்ட மதிப்புகளோ படியெடுக்கப்பட்டுப் புதிய ஆப்ஜெக்டில் அமைகின்றன, பில்டர் வேண்டுமானால் மீண்டும் பயன்பட்டு மற்றொன்றையும் ஆக்கும். கட்டத்தக்க நிலை இங்குத் தீர்ந்துபோவதில்லை.

இவ்வேற்றுமை, காரியம் காரணத்தில் முன்னரே உள்ளதா என்னும் பழைய வழக்குக்கு இட்டுச் செல்கிறது. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொண்ட சற்காரியவாதப்படி, விளைவு தன் காரணத்தில் நுண்ணிய நிலையில் உள்ளது. தோற்றம் என்பது வெளிப்பாடே. நியாய வைசேடிகர் கொண்ட ஆரம்பவாதப்படி, உறுப்புகள் கூடும்போது முன்பு இல்லாத ஒரு முழுப்பொருள் புதிதாகத் தொடங்குகிறது. பில்டரை நோக்கினால், அட்டையில் இருக்கப்போகும் ஒவ்வொரு எண்ணும் பில்டரில் முன்னரே இருக்கிறது. அவ்வளவில் சற்காரியவாதம் வெல்கிறது. ஆனால் ஒரே பில்டரை இரண்டுமுறை அழைத்தால், எல்லா எண்களும் ஒத்த இரண்டு ஆப்ஜெக்டுகள் நினைவகத்தின் இரண்டு இடங்களில் தோன்றுகின்றன. அவை சமம், ஆனால் ஒன்றல்ல. இந்தத் தனித்தன்மை பில்டரில் எங்கும் ஒளிந்திருந்ததாகச் சொல்ல வழியில்லை. உள்ளடக்கத்தில் சாங்கியமும் தனித்தன்மையில் நியாயமும் சரியென்று தோன்றுவது சமரசப் பேச்சு அன்று. வழக்காடிய இருவரும் ‘காரியம்’ என்பதனால் ஒரே பொருளைக் குறிக்கவில்லை என்பதற்கு அது சான்று. மண்ணை முதற்காரணம், சக்கரத்தைத் துணைக்காரணம், குயவனை நிமித்த காரணம் என்று சித்தாந்தம் வகுக்கும் மூன்றையும் முறையே மதிப்புகள், பில்டர், டைரக்டர் ஆகியவற்றோடு பொருத்திவிடலாம் என்று ஆசை எழக்கூடும். ஆனால் மண் குடத்தில் தங்குவதுபோல மதிப்பு இடம்பெயர்வதில்லை என்பதால், அப்பொருத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

படியெடுத்தல் என்னும் அந்தச் சிறு நிகழ்ச்சியில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. கொழுப்பின் அளவு மொத்த அளவை மிஞ்சக் கூடாது என்பது போன்ற விதிகளை எப்போது சோதிப்பது? பில்டரில் உள்ள மதிப்புகளைச் சோதித்துவிட்டுப் பிறகு படியெடுத்தால், சோதனைக்கும் படியெடுப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஒரே வேளையில் இயங்கும் மற்றொரு நிரல்பகுதி பில்டரை மாற்றிவிடலாம். சோதிக்கப்பட்டது ஒன்றாகவும் பிறந்தது வேறாகவும் ஆகலாம். அதனால்தான் முதலில் படியெடுத்து, புதிய ஆப்ஜெக்டின் கூறுகளையே சோதித்து, பிழை இருந்தால் அதை வெளியே விடாமல் கைவிட வேண்டும் என்று பிளாக் வலியுறுத்துகிறார். ஆகவே, பில்டர் அரைகுறை நிலையை ஒழித்துவிட்டது என்று கூறுவது மிகை. சோதனை முடியாத ஆப்ஜெக்ட் ஒரு கணமேனும் இருக்கத்தான் செய்கிறது. பில்டரோ தொடக்கம் முதல் இறுதிவரை அரைகுறையானதே. செய்யப்பட்டது இவ்வளவே: அரைகுறைத் தன்மைக்கு வேறு பெயரும் வேறு வகையும் தரப்பட்டு, முழுப்பொருளை எதிர்பார்க்கும் எவரிடமும் அது சென்று சேராதபடி வேலி கட்டப்பட்டது.

இந்த வேலியைக் கடுமையாக ஐயுற்றிருக்கக் கூடியவர், வடிவமைப்புப் பாங்கு என்னும் எண்ணத்தையே நிரலாளர்களுக்குத் தந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1977இல் தம் குழுவினரோடு ‘எ பேட்டர்ன் லாங்குவேஜ்’ நூலையும், 1979இல் ‘த டைம்லெஸ் வே ஆஃப் பில்டிங்’ நூலையும் வெளியிட்ட அவர், உயிருள்ள கட்டடம் முன்னரே செய்த உறுப்புகளைக் கூட்டிச் சேர்ப்பதால் அமைவதில்லை என்றும், கரு வளர்வதுபோல ஒரு முழுமை படிப்படியாகத் தன்னுள் வேறுபாடுகளை விரிப்பதால் அமைகிறது என்றும் வாதித்தார். அவர் கண்ணோட்டத்தில் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் முழுமை. பில்டரின் கண்ணோட்டத்தில் இறுதிக்கணம் ஒன்றே முழுமை, மற்றவை ஆயத்தம். 1996இல் சான் ஹோசே நகரில் நடந்த, பொருள்நோக்கு நிரலாக்கம் பற்றிய ஊப்ஸ்லா மாநாட்டில் நிரலாளர்கள் முன் உரையாற்றியபோது, தம் பாங்குகளில் தாம் தேடிய அறப்பண்பு அவர்களுடைய பாங்குகளில் உண்டா என்று அலெக்சாண்டர் வினவினார். அவரிடமிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய மெய்யியலை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நேர்மையான மதிப்பீடு.

எனினும் எடுத்துக்கொள்ளாதது எல்லா இடத்திலும் தவறு ஆகாது. தேதி, முகவரி, இணைய வேண்டுகோள், ஊட்டச்சத்து அட்டை போன்றவை தோன்றியபின் வரலாறு அற்றவை. அவற்றுள் ஒன்று மாறினால் அது வேறொன்றாகவே கருதப்படும். காலத்தை முழுவதும் ஆக்கத்தின் பக்கம் தள்ளி, ஆன பொருளைக் காலமற்றதாக வைக்கும் பில்டர் இவற்றுக்கு மிகப் பொருந்துகிறது. வங்கிக் கணக்கும் மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பும் அத்தகையவை அல்ல. ஒவ்வொரு வரவிலும் ஒவ்வொரு சோதனையிலும் மாறிக்கொண்டே அதே கணக்காக, அதே குறிப்பாக நீடிப்பதுதான் அவற்றின் இயல்பு. அவற்றைத் தொடங்கும் நாளில் பில்டர் உதவலாம். அந்நாளுக்குப் பிறகு நிகழ்வனவற்றைப் பற்றி அதனிடம் சொல்ல எதுவுமில்லை, அங்கே வளர்ச்சி பற்றிய அலெக்சாண்டரின் கண்ணோட்டம் மீண்டும் உயிர்பெறுகிறது.