ஆராய்ச்சியும் உயிர்க்கணக்கும்

மருந்தாராய்ச்சியின்பொருட்டு எலி, முயல் முதலிய உயிர்களை வருத்துதல் தகுமோ என்னும் வினாவை ஈண்டு யாம் விரிக்கப் புகுந்திலம். கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நமக்கு அதன்கண் உள்ள தடை வெளிப்படை. ஆயினும் அச்செயல் நாடெங்கும் நிகழ்கின்றது. நிகழுங்கால், செய்வார் தாம் செய்ததனை ஒளியாது உரைக்கும் கடப்பாடுடையரோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நம் கீரப்பாளையத்திற்கு அணித்தாய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. ஆம்ஸ்டர் என்னும் எலியினத்துச் சிற்றுயிரின் கன்னப்பையில் நச்சுப்பொருளை வாரத்திற்கு 3 முறையாக 14 வாரம் தடவிப் புற்றுண்டாக்கி, அதனைத் தடுக்கும் மருந்துண்டோ எனக் காண்பது இத்தகைய ஆய்வின் வழக்கமான முறை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம்மவர் நோய்க்கு, அவ்வழக்கமே அறியாத ஓர் உயிர் வாய் கொடுக்கின்றது!

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இவற்றை விலக்கிற்றில்லை. மேற்பார்க்கும் குழுவொன்றற்கும் தக்க பதிவேடுகட்கும் வழிவகுத்தது. 1998-இல் எழுந்த விதிகள் ஆய்வுநிலையங்கள் பதிவுபெறவும் முன்னிசைவு பெறவும் பணித்தன. நன்று. ஆனால் ஏடு பேழைக்குள் கிடப்பது வேறு, உலகறிய உரைப்பது வேறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுப்பணங்கொண்டு செய்த ஆய்வுகள் பற்றிய 271 கட்டுரைகளை 2009-இல் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 59 கட்டுரைகளே ஆய்வின் நோக்கத்தையும் உயிர்களின் எண்ணிக்கை, இயல்பு என்பனவற்றையும் கூறின. எத்தனை உயிர் என்பதையேனும் எழுதலாகாதோ?

இனி, மருந்து பயன்படாதென முடிந்த ஆய்வை வெளியிடாது விடுவாரும் உளர். அதன் விளைவு யாது? பிறிதோரிடத்து ஒருவன் அறியாமையால் அதனையே மீளச் செய்வான். முன்னையவை மாண்டதும் வீண். பின்னையவை மாள்வதும் வீண். பொய்யுரையாமையும் கொல்லாமையும் வெவ்வேறு அறங்கள் என்பாரும் இவ்விடத்து அவை ஒன்றாதலைக் காண்பர்.

மனுவேந்தன் வாயிலில் கன்றிழந்த ஆ ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டது. இக்காலத்து ஆராய்ச்சிக் கூட்டில் அடைபட்ட எலிக்கு அம்மணி எட்டாது. ஆய்வோன் எழுதும் அறிக்கையே அதற்கு மணி. அதன் நாவை அவனே கட்டிவிடின் யார் கேட்பார்?

அற்றேல், உள்ளபடி வெளியிடின் மக்கள் வெகுண்டு நல்லாய்வையும் நிறுத்திவிடுவர் எனின், அது பொருந்தாது. மக்களின் பெயராலும் பொருளாலும் செய்யுஞ்செயலை அவர்க்கே மறைத்துப் பெறும் இசைவு இசைவாகாது. மேலும், ஆய்வு நெறிமுறைகளாக 2010-இல் வகுக்கப்பெற்று 2020-இல் திருத்தப்பெற்ற ‘அரைவ்’ நெறிகள், கணக்கினின்றும் நீக்கிய விலங்குகளையும் நீக்கிய காரணத்தையும் எழுதுமாறு கூறுகின்றன. இடையே இறந்தமையாற் கணக்கில் வாராத உயிரும், நம் நூல்வழி நோக்கின், ஓர் ஆன்மாவேயன்றோ?