கேடயமும் அச்சமும்

தன்னைக் காத்துக்கொள்வது குற்றமா? இக்கேள்வியை யாரிடம் கேட்டாலும் 'இல்லை' என்றே விடை வரும். வாள் பிறரைத் துன்புறுத்துவதற்கு உரியது. கேடயம் தன்னைக் காத்துக்கொள்வதற்கு உரியது. ஆகவே தாக்குதல் அதர்மம், தற்காப்பு தர்மம் என்று நாம் எளிதாக வகுத்துவிடுகிறோம்.

இந்த வகுப்பு எல்லா இடத்திலும் பொருந்துமா? கடந்த நூற்றாண்டின் இருபெரும் வல்லரசுகளான அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இக்கேள்வியை முன்வைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாதிட்டன. அந்த வாதத்தின் வரலாறு, நம் ஒவ்வொருவரின் உள்ளத்தையும் சோதித்துப் பார்க்க உதவும் ஓர் உரைகல்லாக விளங்குகிறது.

கிளாஸ்பரோவில் எழுந்த வாதம்

1967 ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள கிளாஸ்பரோ என்னும் சிற்றூரில் சந்தித்தனர். அக்காலத்தில் சோவியத் யூனியன், பாய்ந்து வரும் ஏவுகணைகளை இடைமறித்து அழிக்கும் தடுப்பு ஏவுகணைகளை மாஸ்கோ நகரைச் சுற்றி நிறுவிக்கொண்டிருந்தது. அத்தகைய அமைப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா வாதிட்டார். நீங்கள் கேடயத்தை வலுப்படுத்தினால், அதைத் துளைப்பதற்காக நாங்கள் ஏவுகணைகளைப் பெருக்க நேரும் என்பதே அவரது வாதத்தின் சாரம். கோசிகின் சினம் கொண்டார். தற்காப்பு அறத்தின்பாற்பட்டது, தாக்குதலே அறத்திற்குப் புறம்பானது என்று அவர் மறுமொழி தந்தார்.

இதைக் கேட்கும் எவருக்கும் நியாயம் கோசிகின் பக்கம் இருப்பதாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்குவோம். இரு நாடுகளிடமும் ஒன்றையொன்று அழிக்கப் போதுமான ஏவுகணைகள் இருந்தன. தான் முதலில் தாக்கினால் பதிலடி நிச்சயம் என்ற அச்சமே இருவர் கைகளையும் கட்டிவைத்திருந்தது. இந்நிலையில் ஒருவரிடம் மட்டும் கேடயம் இருக்குமானால் என்ன ஆகும்? அவர் முதலில் தாக்கி, எதிரியின் ஏவுகணைகளில் பெரும்பகுதியை அழித்துவிடலாம். எஞ்சியவை திருப்பி ஏவப்பட்டாலும் கேடயம் அவற்றைத் தடுத்துவிடும். கேடயம் உடையவர் இவ்வாறு கனவிலும் எண்ணாதவராக இருக்கலாம். எனினும் எதிரில் நிற்பவர் அவரது உள்ளத்தைக் காண இயலாது. கையில் உள்ளதை மட்டுமே காண இயலும்.

மக்நமாரா எச்சரித்தபடியே நடந்தது. ஒரே ஏவுகணையின் முனையில் மூன்று அணுகுண்டுகளைப் பொருத்தி, அவற்றைத் தனித்தனி இலக்குகளுக்குச் செலுத்தும் 'மினிட்மேன் 3' ஏவுகணையை அமெரிக்கா 1970-இல் களத்தில் நிறுவியது. சோவியத் கேடயம் பற்றிய கவலையும் அதன் உருவாக்கத்திற்கு ஒரு காரணம். ஓரிடத்தில் கேடயம் எழுந்தது. மற்றோரிடத்தில் வாள்கள் பெருகின.

இந்த உண்மையை இரு தரப்பும் உணர்ந்தன. 1972 மே 26 அன்று மாஸ்கோவில் நிக்சனும் பிரெஷ்னேவும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரண்டு இடங்களில் மட்டும், இடத்திற்கு நூறு தடுப்பு ஏவுகணைகளுக்கு மேல் வைப்பதில்லை என்று உறுதி பூண்டனர். 1974-இல் அது ஓரிடமாகக் குறைக்கப்பட்டது. இரு பகைவர்கள் ஒருவர் முன் ஒருவர் தம் மார்பைக் கவசமின்றி வைத்திருக்க உடன்பட்டது வரலாற்றின் ஓர் அரிய நிகழ்ச்சியாகும்.

வாய்கள் மாறின, வாதம் மாறவில்லை

1983 மார்ச் 23 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் தொலைக்காட்சி வழியே நாட்டு மக்களிடம் உரையாற்றினார். அணு ஏவுகணைகளைப் பயனற்றவையாக்கும் பாதுகாப்பு அமைப்பைக் கண்டறியுமாறு விஞ்ஞானிகளை அழைத்தார். விண்வெளியையும் அரணாக்க விழைந்த இத்திட்டத்தை உலகம் 'நட்சத்திரப் போர்' என்று பெயரிட்டு அழைத்தது. பழிவாங்கும் அச்சத்தைக் கொண்டு அமைதி காப்பதைவிட, உயிர்களைக் காப்பதே மேலான அறம் என்று ரீகன் மனமார நம்பினார். அன்று கோசிகின் சொன்னதும் இதுவே அன்றோ! இப்போது அந்தக் கேடயத்தைக் கண்டு அஞ்சியது சோவியத் யூனியன். மக்நமாராவின் பழைய வாதம் மாஸ்கோவிலிருந்து ஒலித்தது.

1986 அக்டோபர் 11, 12 தேதிகளில் ரீகனும் கோர்பச்சேவும் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் சந்தித்தனர். அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. அவை அனைத்தையும் அடியோடு ஒழிப்பது பற்றி இருவரும் பேசும் அளவுக்கு நெருங்கி வந்தனர். கோர்பச்சேவ் ஒரு நிபந்தனை விதித்தார்: விண்வெளிக் கேடயம் பற்றிய சோதனைகள் பத்தாண்டுகளுக்கு ஆய்வுக்கூடத்திற்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். ரீகன் அதற்கு இசையவில்லை. கேடயம் உருவானதும் உங்களுடனும் பகிர்ந்துகொள்வோம் என்றார். பால்பண்ணை இயந்திரங்களைக்கூட எங்களுக்குத் தர மனமில்லாத நீங்கள் இதையா தரப்போகிறீர்கள் என்ற பொருள்படக் கோர்பச்சேவ் வினவினார். 'ஆய்வுக்கூடம்' என்ற ஒரு சொல்லில் பேச்சு முறிந்தது.

இவர்களில் யார் பொய் சொன்னார்? யாரும் சொல்லவில்லை என்றே கருத வேண்டும். கேடயம் தன் கையில் இருந்தபோது அது அறமாகத் தோன்றியது. எதிரியின் கைக்கு மாறியதும் அதுவே சூழ்ச்சியாகத் தோன்றியது. மனிதன் தன்னைத் தன் நோக்கத்தைக் கொண்டு எடைபோடுகிறான். பிறரையோ அவரது ஆற்றலைக் கொண்டு எடைபோடுகிறான். தராசுகள் இரண்டாக இருக்கும் வரை நியாயம் எவ்வாறு பிறக்கும்?

முடிச்சு அவிழ்ந்தது

இச்சிக்கலில் வேறொரு குரலும் எழுந்தது. சோவியத் ஹைட்ரஜன் குண்டின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தவர் ஆந்த்ரேய் சகாரவ். பின்னர் மனித உரிமைக்காகப் போராடி, 1975-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1980-இல் கார்க்கி நகருக்கு நாடுகடத்தல்போல் அனுப்பப்பட்ட அவர், 1986 டிசம்பரில் மாஸ்கோ திரும்பினார். அடுத்த பிப்ரவரியில் நடந்த ஒரு மாநாட்டில், அமெரிக்கக் கேடயம் பெரும் செலவு பிடிப்பது, ஆனால் எளிதில் ஏமாற்றத்தக்கது, அதற்கு அஞ்சி ஆயுதக் குறைப்பை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்று எடுத்துரைத்தார். அம்மாத இறுதியிலேயே கோர்பச்சேவ், நடுத்தரத் தொலைவு ஏவுகணைகள் பற்றிய பேச்சைக் கேடயப் பிரச்சினையிலிருந்து பிரித்துவிட்டார்.

1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒருவர் மற்றவரின் ஆயுதத் தொழிற்சாலை வாயிலில் பார்வையாளர்களை நிறுத்திவைக்கவும் இசைந்தனர். அமெரிக்கர்கள் ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் நகரில் காத்திருந்தனர். சோவியத் நாட்டினர் யூட்டா மாநிலத்தின் மேக்னா நகரில் காத்திருந்தனர். எந்தக் கேடயமும் தராத பாதுகாப்பைத் திறந்த கதவு தந்தது.

அபயத்தின் இரு பொருள்

இவ்வரலாற்றிலிருந்து, தற்காப்பே தவறு என்று முடிவு செய்யலாகாது. வீட்டைப் பூட்டாமல் விடுவது அறமாகாது. மக்களைக் காப்பது ஆள்வோரின் முதற்கடமை. ஆயினும் தற்காப்பு என்ற பெயர் சூட்டியவுடன் ஒரு செயல் தூயதாகிவிடுவதில்லை. அது பிறர் உள்ளத்தில் விளைவிக்கும் அச்சத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 'அபயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. தான் அஞ்சாதிருத்தல் ஒன்று. தன்னால் பிறர் அஞ்சாதபடி வாழ்தல் மற்றொன்று. நாம் பெரும்பாலும் முதற்பொருளை மட்டுமே நாடுகிறோம். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது என்பதை வல்லரசுகளின் வரலாறு காட்டுகிறது.

அப்பாடம் எளிதில் மறக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2002 ஜூனில் விலகியது. அவ்விலகலைச் சுட்டிக்காட்டியே, கேடயங்களை ஊடுருவும் புதிய ஆயுதங்களை 2018 மார்ச்சில் ரஷ்ய ஜனாதிபதி புதின் அறிவித்தார். ரஷ்யா ஒப்பந்தத்தை மீறியது என்று அமெரிக்கா குற்றம் சாட்ட, ரஷ்யா மறுக்க, 1987-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 2019 ஆகஸ்டில் முடிவுற்றது. 2025 மே மாதம் அமெரிக்கா 'பொன் கூரை' எனப் பொருள்படும் புதிய விண்வெளிக் கேடயத் திட்டத்தை அறிவித்தது. கருவிகள் நுட்பமாகிக்கொண்டே செல்கின்றன. அவற்றைக் கையாளும் மனமோ கிளாஸ்பரோவில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வல்லரசுகளைத் திருத்தும் ஆற்றல் நமக்கு இல்லை என்று எண்ணி இதைக் கடந்துபோக வேண்டாம். உடன்பிறந்தார் பாகப்பிரிவினையில் ஒருவர் முன்னெச்சரிக்கையாக வழக்கறிஞரை நாடுகிறார். அதைக் கண்ட மற்றவர் வழக்கே தொடுக்கிறார். அண்டை வீட்டார் ஒருவர் மதிலை உயர்த்துகிறார்; அடுத்தவர் அதைவிட உயர்த்துகிறார். ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்வதாகவே நம்புகிறார்கள். கேடயத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: இதே செயலை அவர் செய்திருந்தால் நான் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பேன்? இரு தராசுகளை ஒன்றாக்கும் அந்தக் கேள்வியிலிருந்தே சமாதானம் தொடங்குகிறது.